ஒலிவ மரத்தின் குளிர்காலம்

வால்டோர்ஃபுக்கு வந்த இரண்டாம் வருடம் ஒரு ஒலிவ மரம் வாங்கினேன். இடுப்பளவு உயரம், மண்சாடியில் நின்றது. நவம்பரில் பல்கனியில் குளிர் ஏறியதும் அதைத் தூக்கி வந்து வரவேற்பறையில் ஹைற்சுங்குக்குப் பக்கத்தில் வைத்தேன். தைப்பொங்கலுக்குள் பாதி இலை கொட்டிவிட்டது. தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றினேன். மிச்ச இலையும் மஞ்சளாகத் தொடங்கியது.

"அப்பா, அதுக்குக் குளிர் வேணும். நீங்கள் அதை ஊர் வாழை மாதிரிப் பாக்கிறீங்கள்" என்றாள் மகள். அவள் இங்கே பிறந்தவள். இருவரும் சாடியை வெளியே தூக்கி, சூடாக்கப்படாத மாடிப்படித் திருப்பத்தில், யன்னலோரம் வைத்தோம்.

அவள் சொன்னது சரி. ஒலிவம் மத்தியதரைக் கடல் மரம். குளிர்காலத்தில் அதற்கு ஐந்து முதல் பத்துப் பாகை வெப்பமும் நிறைய வெளிச்சமும் மண் காய்ந்த பிறகு கொஞ்சம் தண்ணீரும் போதும். சூடான, மங்கலான அறையில் மரம் உறங்காது. வளர முயலும். அதற்கான வெளிச்சம் வடக்கு நாட்டு டிசம்பரில் கிடையாது. ஆகவே இலையை உதிர்க்கும், செதில் பூச்சியும் பிடிக்கும். குளிர்ந்த சில வாரங்கள் இல்லாமல் அது ஒழுங்காகப் பூக்கவும் செய்யாது. நம்முடைய கரைக்கு ஒலிவ எண்ணெய் வந்தும் மரம் வராததற்கு இதுவும் காரணம். 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டின் சாடித் துண்டுகளில் கோஸ் தீவின் வைன் சாடிகளோடு, ஏட்ரியாட்டிக் கரையிலுள்ள இஸ்திரியாவின் எண்ணெய்ச் சாடிகளும் இருந்ததாக எலிசபெத் வில் இனங்கண்டார். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே எண்ணெய் வந்தது. இலங்கையில் நாம் வெரளிக்காய் என்று தின்றதை ஆங்கிலத்தில் சிலோன் ஒலிவ் என்பார்கள். அதற்கும் இதற்கும் உறவில்லை.

மரத்தை மாடிப்படியில் வைத்த பிறகுதான், இந்த ஊரைச் சுற்றியிருந்த இளவரசர்கள் இதே வேலையைப் பெரிய அளவில் செய்தவர்கள் என்பதைப் படித்தேன். வால்டோர்ஃப் அப்போது ஃபால்ஸ் அரசுக்குள் இருந்தது. தலைநகர் ஹைடெல்பேர்க் இங்கிருந்து சுமார் 15 கிலோமீற்றர். அங்கே இளவரசர் ஐந்தாம் ஃபிரெடெரிக்குக்காக 1614 முதல் சலொமோன் த கோ என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டித் தோட்டம் அமைத்தார். அதில் தோடை மரங்களுக்கென்று ஒரு மரவீடு இருந்தது. இலையுதிர் காலத்தில் அதை மரங்களின் மேல் பூட்டி, உள்ளே அடுப்பு மூட்டுவார்கள். ஈஸ்டரில் கழற்றுவார்கள். தோட்டம் முடியவில்லை. 1619இல் ஃபிரெடெரிக் பொஹீமியாவின் அரசராகப் பிராகுக்குப் போனார். அடுத்த வருடம் நவம்பரில் தோற்று, நாடிழந்து, ஹேக் நகரில் அகதி வாழ்க்கை வாழ்ந்தார். தோட்டத்தை விவரிக்கும் த கோவின் நூல் வந்ததும் அதே 1620இல்தான்.

பிறகு ஐரோப்பிய அரண்மனைகள் பலவற்றிலும் ஒராஞ்செரி எனும் கட்டடம் எழுந்தது. தெற்கே உயர்ந்த யன்னல்கள், வடக்கே தடித்த சுவர். மரங்களை வளர்ப்பதற்கல்ல, பனி உறையாமல் வசந்தம்வரை உயிரோடு வைத்திருப்பதற்கு. இன்றும் ஜேர்மனியர் சாடி மரங்களை மே 15, 'குளிர் சோஃபி' நாள் கழிந்த பிறகே வெளியே வைக்கிறார்கள்.

ஒராஞ்செரிக்கு வெளியே நின்ற மரங்களின் கதை வேறு. 1709 ஜனவரியில் ஐரோப்பாவை ஒரு பெருங்குளிர் தாக்கியது. பிரான்சின் தெற்கே புரொவான்சில் ஒலிவத் தோப்புகள் பட்டுப்போயின. றைன் உறைந்தது. ஃபால்ஸில் திராட்சைக் கொடிகள் கருகின. ஏற்கெனவே பிரெஞ்சுப் படைகள் 1689இலும் 1693இலும் ஹைடெல்பேர்க்கை எரித்திருந்தன. போர் வரியும் தீரவில்லை. அமெரிக்காவின் கரோலினாவை வருணித்து கொக்கெர்தால் என்ற போதகர் எழுதிய சிறுநூல் கைக்குக் கைமாறியது. எங்கள் ஊரில் ஏஜென்சிக்காரன் சொன்ன கனடாக் கதைகள் நினைவுக்கு வந்தன.

அந்த வருடம் சுமார் 13,000 பேர் றைன் வழியே இறங்கி இலண்டன் சேர்ந்தார்கள். பிளாக்ஹீத் வெளியில் இராணுவக் கூடாரங்களில் தங்கினார்கள். முதலில் நகரத்தார் இரக்கப்பட்டு உதவினார்கள். பிறகு கேள்வி எழுந்தது: இவர்கள் மதத்துக்காக விரட்டப்பட்ட புரட்டஸ்தாந்தியரா, வெறும் பிழைப்புத் தேடி வந்தவர்களா? கத்தோலிக்கர் பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். ஏறக்குறைய 3,000 பேர் நியூயோர்க்குக்குக் கப்பலேற்றப்பட்டு, பிரிட்டிஷ் கடற்படைக்காகப் பைன் மரங்களிலிருந்து கீல் எடுக்கும் வேலைக்கு விடப்பட்டார்கள். பலர் கப்பலிலேயே இறந்தார்கள். கீல் திட்டமும் தோற்றது.

நீங்கள் உண்மையான அகதியா, பொருளாதார அகதியா? எண்பதுகளில் இந்த நாட்டின் அலுவலகங்களில் எங்களிடம் கேட்ட அதே கேள்வி. அதை இந்த மண்ணின் மக்களிடமே ஒருகாலத்தில் கேட்டார்கள் என்பது எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தால் என் பதில் மாறியிருக்காது. கேள்வியின் கனம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

ஃபால்ஸிலிருந்து ஆட்கள் போவது அதோடு நிற்கவில்லை. 1760களின் தொடக்கத்தில் பக்கத்து ஷ்வெற்சிங்கன் அரண்மனைத் தோட்டத்தில் பிகாஜ் என்ற கட்டடக் கலைஞர் புதிய ஒராஞ்செரி கட்டினார். 1763இல் வால்டோர்ஃபில் ஒரு இறைச்சிக்கடைக்காரர் வீட்டில் யோஹான் யாக்கோப் அஸ்டோர் பிறந்தார். பதின்ம வயதில் ஊரைவிட்டு இலண்டனுக்கும், பிறகு அமெரிக்காவுக்கும் போனார். தோல் வியாபாரத்திலும் நிலத்திலும் பெரும் பணக்காரர் ஆனார். 1848இல் இறந்தபோது ஊர் ஏழைகளுக்கு 50,000 டொலர் எழுதிவைத்தார். அந்தப் பணத்தில் எழுந்த அஸ்டோர்ஹவுஸ் இன்றும் நிற்கிறது. ஒரு ஊர் தன் பிள்ளைகளை விட்டுவிட்டு, இளவரசர் தன் தெற்கு மரங்களைக் காத்த காலம் அது. மரத்துக்குச் சொந்தக்காரர் இருந்தார். அது ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது வால்டோர்ஃப் ஆட்களை வரவழைக்கும் ஊர். 1970களின் இறுதியில் ஸாப் மென்பொருள் நிறுவனம் இங்கே தலைமையகத்தை நிறுவியது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்த இளைஞர்களை பேருந்தில் பார்க்கிறேன். ஒருவர் கறிவேப்பிலைச் சாடியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போனார். அதை ஹைற்சுங் அறையில் வெளிச்சத்துக்கு வையுங்கள், அது வேறு மரம் என்று சொன்னேன். கறிவேப்பிலைக்குச் சூடு வேண்டும். ஒலிவத்துக்குக் குளிர் வேண்டும். வந்த எல்லாரையும் ஒரே மாதிரிப் பார்த்துக்கொள்ள முடியாது.

புரொவான்சில் 1709இல் பட்டுப்போன ஒலிவங்களில் பலவும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்த்தன. 1956 பிப்ரவரி உறைபனிக்குப் பிறகும் அப்படித்தான் நடந்தது. என் மரமும் மாடிப்படியில் மார்ச் மாதம் துளிர்த்தது. உச்சிக்கிளையில் அல்ல, அடியில், நான் பட்டுப்போனது என்று வெட்ட நினைத்த கட்டையில்.