சிவப்புக் கோடும் கிராபிக்ஸ் கார்டும்

கல்யாண வீடியோ மிக்ஸிங் வேலைக்கு நான் வந்த 2001இல் கிராபிக்ஸ் கார்டு தனியாக விலைபேசி வாங்குகிற சாமான் இல்லை. எடிட்டிங் கார்டு வாங்கினால் அதே பெட்டிக்குள் கூடவே வரும். இன்றைக்கு வீட்டிலேயே எடிட்டிங் செய்யக் கம்ப்யூட்டர் வாங்குகிற பிள்ளைகள் முதலில் கேட்பதே, "என்ன கார்டு போடலாம்க்கா?" என்பதுதான். இடைப்பட்ட காலத்தில் அந்தக் கார்டு அவசியமாக இருந்து, வேண்டாததாகி, மறுபடியும் அவசியமாகியிருக்கிறது. ஏன் அப்படி ஆனது என்று தெரிந்தால் எதை வாங்குவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

திண்டுக்கல்லில் நான் சேர்ந்த யூனிட்டில் அதுவரை இரண்டு விஎச்எஸ் டெக்கும் ஒரு பேனசோனிக் மிக்ஸரும்தான். ஒரு டெக்கில் ஓடவிட்டு இன்னொன்றில் பதிவு செய்ய வேண்டும். நடுவில் தப்பினால் ரீவைண்ட். நான் டைட்டில் அடிக்கிற ஆள். மினி டிவி (DV) கேமராக்கள் வந்ததும் முதலாளி அண்ணன் துணிந்து மேட்ராக்ஸ் ஆர்டி 2500 வாங்கினார். மேட்ராக்ஸ், கனடாவில் மான்ட்ரியல் பக்கத்துக் கம்பெனி. அதற்கு முந்தைய ஆர்டி 2000 ஜி400 கிராபிக்ஸ் கார்டோடு வந்தது. இது ஜி450 கார்டோடு வந்தது. வேலையை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். டிவி ஃபைலைப் பிரித்துப் படமாக்குவது எடிட்டிங் கார்டின் வேலை. அந்தப் படத்தை வளைப்பது, சுருட்டுவது, சுழற்றுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை.

அந்தக் காலத்துக் கல்யாண கேசட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மாலை மாற்றும் காட்சி புத்தகப் பக்கம் மாதிரி மடங்கித் திரும்பும், அதன் பின்னால் தாலி கட்டும் காட்சி வரும். விளையாட்டுகளில் சுவர், தரை வரைவதற்காகச் செய்த முப்பரிமாணச் சிப்பு, எங்கள் ஊரில் முதலில் செய்த வேலை இந்தப் பக்கத் திருப்பல்தான். ரசனை என்று பார்த்தால் இன்று சிரிப்பு வரும். ஆனால் அந்தத் திருப்பல் ரெண்டரிங் இல்லாமல் உடனே ஓடியது. இரண்டு வீடியோ அடுக்கு, மேலே ஒரு டைட்டில் அடுக்கு வரை கார்டு தாங்கும். அதற்கு மேல் இன்னொன்று ஏற்றினால் டைம்லைனின் தலையில் சிவப்புக் கோடு விழும். சிவப்பு விழுந்தால் ரெண்டர் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

ஆனால் அந்தக் கார்டு போல அடம்பிடிக்கிற சாமானை நான் பார்த்ததில்லை. எந்த மதர்போர்டில் ஓடும், எதில் ஓடாது என்று கம்பெனியே பட்டியல் போட்டிருந்தது. இன்டெல் சிப்செட் போர்டு என்றால் நிம்மதி. வியா சிப்செட் போர்டு என்றால் கேப்ச்சர் நடுவில் நின்றுபோகும். கேபினட்டைத் திறந்தால் மேலே பழுப்பு நிற ஏஜிபி ஸ்லாட், அதற்குக் கீழே வரிசையாக வெள்ளை பிசிஐ ஸ்லாட்டுகள். ஏஜிபிக்கு அடுத்த முதல் ஸ்லாட்டில் எடிட்டிங் கார்டைச் செருகவே கூடாது. பெரும்பாலான போர்டுகளில் அந்த இரண்டு ஸ்லாட்டும் ஒரே குறுக்கீட்டு எண்ணைப் பகிர்ந்துகொள்ளும். இரண்டு கார்டும் ஒரே நேரத்தில் பிராசஸரைக் கூப்பிட்டால் திரை உறைந்துவிடும். மெக்கானிக் வந்தால் அண்ணன் பக்கத்திலேயே நிற்பார், "தம்பி, மொத ஸ்லாட்ட மட்டும் தொடாத" என்று சொல்லிக்கொண்டே.

இந்தக் கார்டுகளின் ராஜ்ஜியம் நீளவில்லை. நம் ஊர் வீடியோவின் பால் (PAL) முறையில் ஒரு பிரேமுக்கு 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 பிரேம். டிவி ஃபைல் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி. ஹார்ட் டிஸ்கை நிரப்பும். ஆனால் ஒவ்வொரு பிரேமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருப்பதால் பிரிப்பது சுலபம். பென்டியம் 4 வேகம் பிடித்ததும் அந்த வேலையை அதுவே செய்துகொண்டது. ஜப்பானின் கேனோபஸ் கம்பெனி எடியஸ் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. 2005இல் அந்தக் கம்பெனியை தாம்சன் வாங்கி கிராஸ் வேலியோடு சேர்த்தது. எடியஸ் மட்டும் எங்கள் பக்கத்து யூனிட்டுகளில் நிலைத்துவிட்டது. எதைப் போட்டாலும் முழுங்கும், ரெண்டருக்காகக் காக்க வைக்காது. அதற்குக் கிராபிக்ஸ் கார்டு பெரிதாகத் தேவையில்லை. மதர்போர்டிலேயே இருக்கிற டிஸ்ப்ளே போதும். சென்னை ரிச்சி தெருக் கடைக்காரர் "அக்கா, இதுல எல்லா கேமும் ஓடும்" என்று கார்டை நீட்டுவார். கல்யாணம் ஓடுமா என்று கேட்டால் பதில் வராது.

ரிச்சி தெருவைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் போக முடியாது. மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் சின்னத் தெரு. ரேடியோ உதிரி பாகம் விற்று வளர்ந்து, பிறகு டிவி, பிறகு கம்ப்யூட்டர். சினிமா விநியோகஸ்தர்கள் உட்கார்ந்திருந்த மீரான் சாகிப் தெரு பக்கத்திலேயேதான். படப்பெட்டி கைமாறிய இடத்துக்கு அடுத்த சந்தில் நாங்கள் எடிட்டிங் கார்டு வாங்கினோம். எங்கள் தொழிலில் ஆடி மாதம்தான் கம்ப்யூட்டர் மாற்றுகிற மாதம். முகூர்த்தம் இல்லை, வைகாசிக் கல்யாணத்துப் பாக்கி கொஞ்சம் வந்திருக்கும். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி எழும்பூரில் இறங்கினால், கடை திறக்கும் முன் தெருவில் நிற்கலாம்.

எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது ஒரு போட்டோ கேமரா. கேனன் 5டி மார்க் 2, 2008இல் வந்தது. முதலில் நொடிக்கு 30 பிரேம்தான். 2010இல் புது ஃபர்ம்வேர் வந்து 25 பிரேம் கிடைத்ததும் நம் ஊருக்குத் தோதானது. பின்னணி மங்கலாகி மணப்பெண் முகம் மட்டும் துலங்கும் படம் வீடியோவிலும் கிடைத்தது. எல்லாரும் அதையே கேட்டார்கள். ஃபைல் எச்.264. ஃபுல் எச்டி என்பது பாலைவிடச் சரியாக ஐந்து மடங்கு புள்ளி. அதுகூடப் பரவாயில்லை. எச்.264 எல்லாப் பிரேமையும் முழுதாக வைப்பதில்லை. ஒன்றை முழுதாக வைத்து, அடுத்து வருவனவற்றில் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதிவைக்கும். டைம்லைனில் நடுவில் ஒரு பிரேமைத் தொட்டால், அதைக் காட்டப் பல பிரேம்களைக் கணக்குப்போட வேண்டும். நேற்றுவரை பறந்த கம்ப்யூட்டர் அன்று நொண்டியது.

அதே 2010இல் அடோபி பிரீமியர் சிஎஸ்5 வந்தது. மெர்குரி பிளேபேக் எஞ்சின் என்று ஒன்று. நிறம் திருத்துவது, அளவு மாற்றுவது, அடுக்குகளைக் கலப்பது போன்ற வேலைகளை என்விடியா கார்டின் குடா முறையில் செய்யும். ஃபைலைப் பிரிக்கிற வேலை அப்போதும் பிராசஸரிடமே இருந்தது. இதை இன்றும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற கார்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: ஜிடிஎக்ஸ் 285ஐ விட்டால் மற்றவை விலை எட்டாத குவாட்ரோ வகைகள். எங்கள் பக்கம் கைக்கு எட்டியது 1 ஜிபி ஜிடிஎக்ஸ் 460. அது அந்தப் பட்டியலில் இல்லை.

வழி ஒரு நோட்பேட் ஃபைலில் இருந்தது. பிரீமியர் ஃபோல்டருக்குள் ஆதரவுள்ள கார்டுகளின் பெயர் வரிசையாக எழுதிய சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். கூடவே ஜிபியு ஸ்னிஃபர் என்ற குட்டி புரோகிராம். அதை ஓட்டினால் உங்கள் கார்டின் பெயரைத் தான் அறிந்தபடி காட்டும். அதை எழுத்துப் பிசகாமல், இடைவெளிகூட மாறாமல் அந்தப் பட்டியலின் கடைசி வரியில் சேர்த்துச் சேமிக்க வேண்டும். அவ்வளவுதான். பிரீமியரைத் திறந்தால் சிவப்புக் கோடு மஞ்சளாகியிருக்கும். மஞ்சள் என்றால் ரெண்டர் இல்லாமலே ஓடும் என்று அர்த்தம். குவாட்ரோ விலைக்கும் பத்தாயிரம் சொச்சத்துக்கும் இடையில் ஒரே ஒரு வரிதான் நின்றது. பின்னால் அடோபியே அந்தப் பட்டியல் கெடுபிடியைத் தளர்த்திவிட்டது.

எடியஸ்காரர்கள் வேறு பாதையில் போனார்கள். 2011இல் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் பிராசஸர்களுக்குள் குவிக் சிங்க் என்ற வசதி வந்தது. எச்.264ஐப் பிரிக்கவும் சேர்க்கவும் சிப்புக்குள்ளேயே தனிச் சுற்று. அது பிராசஸரோடு சேர்ந்த டிஸ்ப்ளேயின் அங்கம். அன்று வந்த பி67 போர்டுகளில் அந்த டிஸ்ப்ளேயே வேலை செய்யாது. இசட்68 மாதிரி போர்டு வேண்டும். தனிக் கார்டு போடாதவன் வேகமாக எக்ஸ்போர்ட் எடுத்த விசித்திரமான காலம் அது. அடுத்த வருடமே என்விடியாவும் ஜிடிஎக்ஸ் 600 வரிசையில் என்வென்க் என்று தன் சுற்றைக் கொண்டுவந்தது.

2012ஐ வேறொன்றுக்காகவும் மறக்க முடியாது. கரண்ட். சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வெட்டு. எக்ஸ்போர்ட் 90 சதவீதத்தில் நிற்கும்போது கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. எல்லாரும் இன்வெர்ட்டரில் ஓட்டினோம். அப்போது கார்டின் வேகத்தை யாரும் கேட்கவில்லை, எத்தனை வாட் என்றுதான் கேட்டோம். ஜிடிஎக்ஸ் 460க்கு 160 வாட். 2014இல் ஜிடிஎக்ஸ் 750 டிஐ வந்தது: 60 வாட், தனி பவர் ஒயர்கூட வேண்டாம், ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நாட்டிலேயே நல்ல கார்டு எது என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். தமிழ்நாட்டு மின்வாரியத்தை மனதில் வைத்துச் செய்தது மாதிரி இருந்தது.

இதற்கிடையில் டாவின்சி ரிசால்வ். சினிமாக்காரர்கள் நிறம் திருத்த லட்சக்கணக்கான டாலர் கொடுத்த அமைப்பு. அதைச் செய்த கம்பெனியை 2009இல் பிளாக்மேஜிக் வாங்கியது. 2011இல் இலவசப் பதிப்பே விட்டது. கேண்டிட் கல்யாண வீடியோக்களுக்கு "சினிமா கலர்" வந்தது இதன் வழியாகத்தான். ரிசால்வ் ஏறக்குறைய எல்லாக் கணக்கையும் கிராபிக்ஸ் கார்டிலேயே போடும். வீட்டு எடிட்டிங்கில் கார்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான். கார்டின் நினைவகமும் அன்றுதான் பேச்சுக்கு வந்தது. 4கே படம் பாலைவிட இருபது மடங்கு. அதில் இருட்டு மண்டபத்துப் புள்ளிகளைத் துடைக்கும் நாய்ஸ் ரிடக்ஷனைப் போட்டால், நினைவகம் நிறைந்துவிட்டது என்று நிறுத்திவிடும். பெயரை நம்பவும் முடியாது. 2016இன் ஜிடிஎக்ஸ் 1060, 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு வந்தது. குறைந்தது நினைவகம் மட்டுமல்ல, 3 ஜிபியில் கணக்குப்போடும் கோர்களும் குறைவு. பெட்டி மேல் பெயர் ஒன்றேதான்.

பிறகு கிரிப்டோ நாணயக்காரர்கள் வந்தார்கள். 2017 கடைசியிலும், அதைவிட மோசமாக 2021இலும், எதீரியம் தோண்டுவதற்காகக் கார்டுகளை மொத்தமாக அள்ளிப்போனார்கள். ஆர்டிஎக்ஸ் 3060 அந்த வருடம் பிப்ரவரியில் 12 ஜிபியோடு வந்தது, அறிவித்த விலை 329 டாலர். அந்த விலைக்கு அதைக் கண்ணால் பார்த்தவரை எனக்குத் தெரியாது. கொரோனாவில் கல்யாணத்துக்கு ஐம்பது பேர் என்று சுருங்கி வருமானம் போன நேரம். வராத சொந்தக்காரர்களுக்காக நேரலை ஓட்ட வேண்டியிருந்தது, அதற்கு என்வென்க் உள்ள கார்டு வேண்டும், கார்டு கிடைக்கவில்லை. 2022 செப்டம்பரில் எதீரியம் முறையை மாற்றிக்கொண்டதும் தோண்டல் நின்றது, பழைய கார்டுகள் சந்தையில் குவிந்தன. நாள் முழுக்கச் சூட்டில் ஓடிய கார்டுகள். ஃபேனைக் கையால் சுழற்றிப் பார்த்து, சத்தம் கேட்டால் வைத்துவிட்டு வந்தோம்.

இப்போதைய தலைவலி 4:2:2, 10 பிட். சோனி ஏ7 4 போன்ற கேமராக்கள் நிறத் தகவலைக் கூடுதலாக வைத்து எழுதுகின்றன. நிறம் திருத்த அருமை, ஓட்டக் கொடுமை. ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரை எந்த என்விடியா ஜிஃபோர்ஸ் கார்டுக்கும் அதைப் பிரிக்கும் சுற்று கிடையாது. எச்.265இல் எடுத்திருந்தால் 11ஆம் தலைமுறை முதல் வந்த டெஸ்க்டாப் இன்டெலின் உள் டிஸ்ப்ளே பிரித்துவிடும். ஆனால் பெயரின் கடைசியில் எஃப் போட்ட இன்டெல் பிராசஸர்கள் கொஞ்சம் மலிவு என்று கடைக்காரர்கள் தள்ளுவார்கள்; அந்த எஃப் என்றாலே உள் டிஸ்ப்ளே கிடையாது. பெரிய கார்டும் எஃப் பிராசஸரும் வாங்கி வந்து, டைம்லைன் ஏன் திக்குகிறது என்று கேட்கும் பையன்கள் மாதம் ஒருவராவது வருகிறார்கள். 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைதான் 4:2:2ஐ எச்.264, எச்.265 இரண்டிலும் கார்டிலேயே பிரிக்கிறது. அதிலும் 5060 டிஐ 8 ஜிபி, 16 ஜிபி என்று ஒரே பெயரில் இரண்டு. ரிசால்வ் என்றால் 16. எடியஸ் மட்டும்தான் என்றால் நல்ல இன்டெல் பிராசஸருக்குப் பணத்தைப் போடுங்கள், கார்டு அப்புறம்.

கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவில் எடுத்த இரண்டு நிமிட ஃபைலைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் அதை ஓட்டச் சொல்லி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிபியு பக்கத்தில் வீடியோ டிகோட் கட்டம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாமல் பிராசஸர் மட்டும் நூறைத் தொட்டால் அந்த ஜோடி உங்களுக்கு ஆகாது. ஓட்டிக் காட்ட மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.