மிச்சக் கொழுப்பின் மணம்

சோயா மெழுகை உருக்கி, லாவெண்டர் மணம் சேர்த்து, கண்ணாடிக் குவளையில் ஊற்றி வீட்டிலேயே செய்யும் மெழுகுவர்த்தி இன்று சென்னையிலும் கோவையிலும் பிறந்தநாள் பரிசாகிவிட்டது. இயற்கையானது, கரி கக்காதது, மனத்துக்கு இதம் தருவது என்று மூன்று வாக்குறுதிகள் அதன் மேல் ஒட்டிய சீட்டில் இருக்கும். பழைய கைத்தொழில் ஒன்று மீண்டு வந்துவிட்டது என்ற எண்ணத்தையும் அது கூடவே எழுப்புகிறது. வரலாற்றைப் புரட்டினால் இந்த எண்ணம் நிற்பதில்லை. சோயா மெழுகுக்கு வயது முப்பத்துச் சொச்சம்தான். பழமை அதில் இருக்கிறது என்றால், அது வேறோர் இடத்தில் இருக்கிறது. சாமானிய மக்கள் எரித்த மெழுகுவர்த்தி எந்தக் காலத்திலும் தனக்கென்றே விளைவித்த பொருளால் ஆனதில்லை. வேறொரு தொழிலில் தேவைக்கு மேல் தேங்கிய கொழுப்பு எதுவோ அதுவே அந்தந்தக் காலத்து மெழுகுவர்த்தியாகியிருக்கிறது. அந்தக் கொழுப்பை விற்க ஒரு நற்பெயரும் ஒவ்வொரு முறையும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. சோயா இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது.

ஐரோப்பாவின் சாதாரண வீடுகளில் பல நூற்றாண்டுகள் எரிந்தது ஆட்டுக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும். இறைச்சி போக மிஞ்சிய கொழுப்பை உருக்கி, வடிகட்டி, திரியை அதில் திரும்பத் திரும்ப முக்கி எடுத்தார்கள். ஆட்டுக் கொழுப்பு நன்றாக எரியும். பன்றிக் கொழுப்பு கலந்தால் புகையும் நாற்றமும் தாங்காது. தேன்மெழுகின் விலை பல மடங்கு என்பதால் அது தேவாலயத்துக்கும் பிரபுக்களின் மாளிகைக்கும் போனது. நாறாமல் எரிவதே அன்று செல்வத்தின் அடையாளம். மணம் சேர்ப்பது யாருடைய கணக்கிலும் இல்லை. லண்டனில் இரு பொருளுக்கும் தனித்தனி வணிகக் குழுக்கள் இருந்தன. கொழுப்பு வர்த்திக்காரர்கள் 1462-லும் மெழுகு வர்த்திக்காரர்கள் 1484-லும் அரச சாசனம் பெற்றார்கள். 1709-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மெழுகுவர்த்திக்கு வரி போட்டபோது, உரிமம் இல்லாமல் வீட்டில் வர்த்தி செய்வதையும் சேர்த்தே தடுத்தது. அந்த வரி 1831 வரை நீடித்தது. ஏழைகள் கோரைத் தண்டின் பட்டையை உரித்து, உள்ளிருக்கும் சோற்றைச் சமையலில் மிஞ்சிய கொழுப்பில் தோய்த்து எரித்தார்கள். அதற்கு வரி கிடையாது. செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் வைட், 1789-ல் வெளிவந்த தம் நூலில் இந்தக் கோரை விளக்கின் செய்முறையையும் செலவுக் கணக்கையும் விரிவாகவே எழுதியிருக்கிறார். வீட்டில் செய்த வர்த்தி என்பதற்கு அன்றைய பொருள் இதுதான்: ரசனை அதில் இல்லை, வரிக்கும் விலைக்கும் தப்பும் வழி அது.

தேனீயும் திமிங்கலமும் இந்த வாதத்துக்கு எதிர்ச்சாட்சி ஆகாதா என்று கேட்கலாம். ஆகும்தான். ஐரோப்பாவின் தேவாலயங்களுக்கு மெழுகு தேவைப்பட்ட அளவைப் பார்த்தால், அதைத் தேனுக்குப் பக்கப் பொருள் என்று தள்ளிவிட முடியாது. ஸ்பெர்ம் திமிங்கலத்தின் தலையில் உள்ள ஸ்பெர்மசெட்டி என்ற கொழுப்பு இன்னும் தெளிவான விதிவிலக்கு. 18ஆம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்துக் கப்பல்கள் அந்த எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் என்றே கடலோடின. 1761-ல் அங்கிருந்த வர்த்தித் தயாரிப்பாளர்கள் ஒன்றுகூடி, தலைக்கொழுப்பின் கொள்முதல் விலைக்கு வரம்பு கட்டக் கூட்டணியே அமைத்தார்கள். வெளிச்சத்துக்காக ஓர் உயிரினத்தை உலகம் முழுவதும் துரத்திய கதை அது. அந்த வர்த்தி அவ்வளவு சீராக எரிந்ததால் 1860-ல் பிரிட்டனின் எரிவாயுச் சட்டம் ஒளியின் அளவுகோலாகவே அதை ஏற்றது. ஆனால் இரண்டுமே வசதி படைத்தவர்களின் வர்த்திகள். மலிவான மிச்சம் ஒன்று கண்ணில் பட்டதும் ஸ்பெர்மசெட்டி சந்தையிலிருந்து மெல்ல விலகியது. என் வாதம் சாமானியரின் வர்த்தியைப் பற்றியது. அங்கே விதி வலுவாகவே நிற்கிறது.

அந்த மலிவான மிச்சத்தைக் கொண்டுவந்தது வேதியியல். கொழுப்பு என்பது கிளிசரினோடு கொழுப்பு அமிலங்கள் சேர்ந்தது என்று பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் செவ்ரூல் 1823-ல் வெளியிட்ட நூலில் நிறுவினார். பிசுபிசுப்பான பகுதியைப் பிரித்து நீக்கிவிட்டு, கெட்டியான ஸ்டியரினை மட்டும் எடுத்தால், அதே கசாப்புக் கொழுப்பு நாறாமலும் வளையாமலும் எரிந்தது. 1830களில் பாரிஸில் அடோல்ஃப் டி மில்லி இதைத் தொழிலாக்கினார். புதுமையோடு ஆபத்தும் வந்தது. ஸ்டியரின் படிகம் படிகமாக உறையாமல் இருக்கச் சில தயாரிப்பாளர்கள் ஆர்செனிக் கலந்தார்கள். 1837-ல் லண்டன் மருத்துவர்கள் குழு அமைத்து அதை ஆராய வேண்டியிருந்தது. மெழுகுவர்த்திப் புகையைப் பற்றிய கவலை நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

லண்டனில் 1830-ல் தொடங்கிய பிரைஸ் நிறுவனம் எங்கே மலிவாகக் கொழுப்பு கிடைக்கும் என்று உலகத்தையே சல்லடை போட்டது. இலங்கையில் தென்னந்தோட்டம் வாங்கியது. தேங்காய் எண்ணெயும் ஸ்டியரினும் கலந்த அதன் வர்த்திகள் 1840-ல் விக்டோரியா அரசியின் திருமணத்தை ஒட்டி ஜன்னல்களில் ஏற்றப்பட்டன. வர்த்திக்காக நிலமே வளைக்கப்பட்ட அபூர்வ நிகழ்வு அது. அது நிலைக்கவில்லை. 1842 வாக்கில் கொழுப்பு அமிலத்தைக் காய்ச்சி வடிக்கும் முறை கைவந்ததும், மேற்கு ஆப்பிரிக்காவின் கருத்த பாமாயிலையே வெள்ளை வர்த்தியாக்க முடிந்தது. தென்னை பின்னுக்குப் போனது. பாமாயில் வணிகம் வளர்ந்தால் அடிமை வணிகம் தேயும், ஆகவே இந்த வர்த்தியை வாங்குவது அறச்செயல் என்றும் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லப்பட்டது. அந்த விளம்பரத்தில் பொய்யே இருந்தது என்று நான் சொல்லவில்லை; பாமாயில் வணிகம் பல இடங்களில் அடிமை வணிகத்துக்கு மாற்றாக முன்வைக்கப்பட்டது உண்மை. ஆனால் பாமாயில் வாங்கப்பட்டது மலிவு என்பதால். அறம் பின்னால் வந்து சேர்ந்தது.

அடுத்த மிச்சம் பாறைக்கடியிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் யங் 1850-ல் பெற்ற காப்புரிமையின்படி நிலக்கரியிலிருந்து பாரஃபின் பிரித்தெடுக்கப்பட்டது. 1859-ல் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்ட பிறகு, மண்ணெண்ணெய் எடுத்தது போக எஞ்சும் மெழுகு மலைபோல் சேர்ந்தது. நம் பக்கத்திலும் இதே நடந்தது. பர்மா ஆயில் நிறுவனமும், அஸ்ஸாமின் டிக்பாயில் 1901-ல் இயங்கத் தொடங்கிய ஆலையும் மெழுகைப் பக்கப் பொருளாகவே தயாரித்தன. மின்வெட்டுக்கு ஏற்றும் வெள்ளை வர்த்தியும் வேளாங்கண்ணியில் ஏற்றும் வர்த்தியும் இந்த வம்சம். பாரஃபினுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதற்கென்று மணம் ஏறக்குறைய கிடையாது. பல நூறாண்டுகள் மெழுகுவர்த்திக்காரர்கள் நாற்றத்தோடு போராடிக் கடைசியில் எட்டிய வெற்றி அது. வாசனை சேர்க்க முதலில் வாசனையற்ற ஒன்று வேண்டியிருந்தது. அது கிடைத்த காலத்திலேயே எரிவாயுவும், 1879-க்குப் பிறகு எடிசனின் மின்விளக்கும் வந்து, மெழுகுவர்த்தியின் வேலையைப் பறித்துக்கொண்டன.

மணமுள்ள வர்த்தி அதற்கு முன்பே இருந்ததே என்ற ஆட்சேபம் நியாயமானது. வட அமெரிக்கக் கரையோரத்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் பேபெர்ரி என்ற புதரின் காய்களைக் கொதிக்க வைத்து, மேலே மிதக்கும் பச்சை மெழுகை வழித்தெடுத்து வர்த்தி செய்தார்கள். அதை அணைக்கும்போது எழும் நறுமணத்துக்காகவே சிலர் வேண்டுமென்றே அணைப்பார்கள் என்று வர்ஜீனியாவின் ராபர்ட் பெவர்லி 1705-லேயே எழுதினார். இது அழகான தகவல். ஆனால் வெளிச்சம் வேண்டும்போது எரித்து, மணம் வேண்டும்போது அணைத்தார்கள் என்பதையும் இதுவே சொல்கிறது. இரு வேலையும் ஒன்று சேரவில்லை. தமிழ் வீடுகளிலும் அவை தனித்தனியாகத்தான் இருந்தன. வெளிச்சத்துக்கு இலுப்பெண்ணெயும் நல்லெண்ணெயும். மணத்துக்குச் சாம்பிராணியும் அகிலும் தணலில். வெளிச்சம் தரும் கடமை போன பிறகுதான் வர்த்திக்கு மணமே முழுநேர வேலையானது. பாரிஸின் டிப்டிக் கடை 1963-ல் தன் முதல் மணவர்த்திகளை வெளியிட்டது. 1969-ல் மாசச்சூசெட்ஸில் மைக்கேல் கிட்ரெட்ஜ் என்ற பதின்வயதுப் பையன், அம்மாவுக்குப் பரிசு தர வண்ணக் கிரேயான்களை உருக்கி வர்த்தி ஊற்றினான். யாங்கி கேண்டில் என்ற பெருநிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. கிரேயானும் பாரஃபின்தான்.

இந்த இடத்தில்தான் சோயா நுழைகிறது. திரவ எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்கும் முறைக்கு ஜெர்மானியர் வில்ஹெல்ம் நோர்மன் 1902-ல் காப்புரிமை பெற்றார். 1837-ல் ஒரு மெழுகுவர்த்தி வணிகரும் ஒரு சோப்பு வணிகரும் சேர்ந்து தொடங்கிய பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம், பருத்திக்கொட்டை எண்ணெயை இப்படி உறையவைத்து 1911-ல் கிரிஸ்கோ என்ற சமையல் கொழுப்பாக விற்றது. இந்தியாவில் கடலை எண்ணெயை உறையவைத்து வந்தது டால்டா. சோயா மெழுகு என்பது இதே வேலை இன்னும் கொஞ்சம் தூரம் போனது. குடும்ப முறையில் சொன்னால் டால்டாவின் ஒன்றுவிட்ட தங்கை. எண்ணெய் ஏன் மிஞ்சியது என்பதைச் சோயா விதையே சொல்லும். அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே எண்ணெய். எஞ்சியதில் பெரும்பகுதி கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாகும் புண்ணாக்கு. இறைச்சித் தேவை ஏறும்போது புண்ணாக்குக்காக விதை ஆட்டப்படும். எண்ணெய் கேட்காமலே வந்து குவியும். அமெரிக்கச் சோயா விவசாயிகளின் அமைப்புகள் இந்த எண்ணெய்க்குப் புதுப்புது வேலை தேடின. 1987-ல் அயோவாவின் சீடர் ரேப்பிட்ஸ் நாளிதழ் ஒன்று சோயா மையால் அச்சாகியது. அடுத்துச் சோயா கிரேயான் வந்தது. அதே அயோவாவில், தேன்மெழுகுக்கு மலிவான மாற்றுத் தேடிய மைக்கேல் ரிச்சர்ட்ஸ் 1990களின் முற்பகுதியில் சோயா மெழுகை உருவாக்கினார். பசுமை என்ற நற்பெயர் இங்கும் பிறகு ஒட்டியது.

வீட்டில் செய்பவர்களுக்குச் சோயா பிடித்துப்போனதற்குக் காரணம் அதன் குணம். ஏறத்தாழ 50 பாகை செல்சியஸை ஒட்டி இளகும்; வெந்நீரில் பாத்திரம் வைத்தே உருக்கலாம், சோப்பு நீரில் கழுவலாம். தனியாக நிமிர்ந்து நிற்கும் வலு இல்லாததால் குவளை தேவைப்படுகிறது. அதுவே பரிசுப்பொருளின் அழகாயிற்று. எடையில் 6 முதல் 10 சதவீதம் மணத்தைலம் சேர்த்து, ஊற்றியபின் ஒன்றிரண்டு வாரம் ஆறவிட்டால்தான் மணம் மெழுகோடு பிடிக்கும். மேலே வெண்பூஞ்சை போல் படிவது எண்ணெய் படிகமாவதால், செய்முறைக் குற்றமில்லை. சென்னையின் மே மாதத்தில் மூடிய காரில் வைத்தால் குழைந்துவிடும் என்பதை அயோவாக்காரர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். திரி மட்டும் ஏறத்தாழ 1825-ல் நின்ற இடத்திலேயே நிற்கிறது: அந்த ஆண்டு பிரெஞ்சுக்காரர் காம்பசெரெஸ் அறிமுகப்படுத்திய பின்னல் திரி, எரியும்போது வளைந்து தன் நுனியைத் தானே சாம்பலாக்கிக்கொள்ளும். கரி வருவதும் வராததும் பெரும்பாலும் இந்தத் திரியின் நீளத்தையும் காற்றையும் பொறுத்தது. நீளத் திரி வைத்த சோயாவும் குவளையைக் கறுப்பாக்கும். ஒட்ட நறுக்கிய பாரஃபின் சுத்தமாகவே எரியும்.

மணத்தின் சிகிச்சை குணம் பற்றிய ஆட்சேபம் எஞ்சியிருக்கிறது. நறுமணச் சிகிச்சை ஆயிரக்கணக்கான ஆண்டு பழையது, சோயா வர்த்தி அதன் புது உடல் மட்டுமே என்பார்கள். மணப்பொருள் பழையதுதான், சந்தேகமில்லை. ஆனால் அரோமாதெரபி என்ற பெயரைத் தலைப்பாகக் கொண்ட நூலை 1937-ல் வெளியிட்டவர் லியோன் நகரின் வாசனைத் திரவிய வேதியியலாளர் ரெனே மொரீஸ் கட்டஃபோசே. லாவெண்டர் எண்ணெயை வணிகம் செய்த குடும்பம் அவருடையது. 1910-ல் சோதனைக்கூட வெடிப்பில் தீப்பட்டு அழுகத் தொடங்கிய கையை லாவெண்டரால் கழுவியது அவருக்கு உந்துதல். புண்ணில் நேராக இட்ட எண்ணெய்க்கும், மெழுகில் கலந்து சுடரருகே ஆவியாகும் சில துளிக்கும் இடையே தூரம் அதிகம். 2008-ல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 56 பேரிடம் எலுமிச்சை, லாவெண்டர் மணங்களைச் சோதித்தார்கள். எலுமிச்சை மனநிலையை உயர்த்தியது; புண் ஆறுவதிலோ, வலியிலோ, நோயெதிர்ப்பிலோ இரண்டுமே முன்னேற்றம் எதையும் தரவில்லை. இதம் உண்டு, மருந்து இல்லை என்று இதைப் படிக்கலாம். இதத்தைக் குறைத்து மதிப்பதற்கில்லை. விற்பனைக்கு வரும் லாவெண்டர் மணத்தில் பெரும்பங்கு ஆலையில் சேர்க்கப்பட்ட லினலூல் போன்ற பொருள்கள், அவற்றின் மூலம் பல வேளை பெட்ரோலியம். மெழுகிலிருந்து துரத்திய எண்ணெய்க் கிணறு மணத்தின் வழியே திரும்பி வந்துவிட்டது.

சோயாவின் இடமும் நிரந்தரமில்லை. அமெரிக்காவில் உயிரி டீசல் கொள்கைகள் வந்த பிறகு அந்நாட்டுச் சோயா எண்ணெயில் பாதியை நெருங்கும் அளவு எரிபொருளுக்குப் போகிறது. மிச்சமாக இருந்த எண்ணெய்க்குப் புதுப் பசி கிடைத்ததும் விலை ஏறியது. வர்த்தி செய்பவர்கள் தேங்காய், பாமாயில், பாரஃபின் ஆகியவற்றோடு கலந்த மெழுகை நாடத் தொடங்கினார்கள். தேங்காய் மெழுகு இப்போது சோயாவைவிடத் தூய்மையானது என்ற சீட்டோடு விற்கப்படுகிறது.