மரத்தில் மலர்ந்த மின்விளக்கு

ஆலயத் திருவிழாவிற்குக் கொடியேறும் முன்பே ஊருக்குள் வந்துவிடுவது 'சீரியல் செட்'. சவுண்டு சர்வீஸ்காரரின் வண்டியிலிருந்து மூங்கில் கழிகளும் கம்பிச் சுருள்களும் இறங்கும்போதே சிறுவர்கள் கூடிவிடுகின்றனர். மாலையில் கோபுரத்தின் உச்சிமுதல் வாயில்வரை ஒளிக்கோலம் விரியும்போது, விழா தொடங்கிவிட்டது என்பதை எவரும் அறிவிக்க வேண்டியதில்லை. டிசம்பர் மாதத்திலோ நம் இல்லங்களின் குடிலும் நட்சத்திரமும் அதே விளக்குச் சரத்தை வேண்டி நிற்கின்றன.

'சீரியல்' என்ற சொல்லை நாம் நாள்தோறும் வழங்கினும் அதன் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் கோக்கும் மின் இணைப்பு முறைக்கு ஆங்கிலத்தில் 'சீரீஸ்' என்று பெயர். அதுவே நம் மக்களின் நாவில் 'சீரியல்' ஆயிற்று. இச்சிறு சொல்லுக்குள் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு அடங்கிக் கிடக்கின்றது. அவ்வரலாறு அழகைப் பற்றியது மட்டுமன்று, அச்சத்தையும் பற்றியது.

மெழுகுத்திரியின் காலம்

கிறிஸ்து பிறப்பு விழாவில் பசுமரத்தை வீட்டினுள் நிறுத்தி, அதன் கிளைகளில் மெழுகுத்திரிகளை ஏற்றும் வழக்கம் ஜெர்மானிய நாடுகளில் வளர்ந்தது. இங்கிலாந்தின் விக்டோரியா அரசியார், ஜெர்மனியைச் சேர்ந்த தம் கணவர் ஆல்பர்ட்டோடும் மக்களோடும் இத்தகைய மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படமொன்றை இலண்டன் வார இதழ் ஒன்று 1848-இல் வெளியிட்டது. அரச குடும்பம் செய்வதை மக்களும் செய்ய விரும்பினர். வழக்கம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விரைந்து பரவிற்று.

உலர்ந்துவரும் ஊசியிலைகளின் நடுவே எரியும் சுடர் எத்துணை அழகியதோ அத்துணை ஆபத்தானதுமாகும். திரிகளை ஏற்றியபின் வீட்டார் மரத்தைவிட்டு அகலுவதில்லை. சில நிமிடங்களே எரியவிட்டு அணைத்துவிடுவர். அருகில் நீர் நிறைந்த வாளி ஆயத்தமாக நிற்கும். இவ்வளவு எச்சரிக்கையையும் மீறித் தீவிபத்துகள் நேர்ந்தன. மீட்பரின் பிறப்பைக் கொண்டாட ஏற்றிய ஒளியே சில இல்லங்களில் துயரத்தைக் கொணர்ந்தது.

1882-ஆம் ஆண்டு

எடிசன் தமது மின்விளக்கை மக்கள் காணச் செய்தது 1879-இன் இறுதி நாளில். மூன்றாண்டுகள் கழித்து, 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் அவரது மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அவருடைய தொழில் துணைவர் எட்வர்ட் ஜான்சன் அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று தம் இல்லத்தில் ஒரு புதுமையைச் செய்தார். சிவப்பு, வெள்ளை, நீலம் என மூவண்ணத்தில் 80 சிறு விளக்குகளைக் கையாலேயே கம்பியில் இணைத்து மரத்தில் சுற்றினார். மின்விசையால் மரமே சுழன்றது. விளக்குகள் மாறிமாறி ஒளிர்ந்தன. மின்விளக்கேற்றிய முதல் கிறிஸ்துமஸ் மரம் இதுவேயென வரலாறு குறிக்கின்றது.

இதற்கு ஒரு மாதம் முன்னர் இலண்டனில் வேறொரு காட்சி அரங்கேறியது. சவாய் நாடக அரங்கில் கில்பர்ட், சல்லிவன் ஆகியோரின் 'அயோலாந்தி' இசை நாடகத்தில் தேவதைகளாக நடித்தோர் தம் தலையில் சின்னஞ்சிறு மின்விளக்குகளைச் சூடி மேடையில் தோன்றினர். ஒன்று வீட்டிற்குள், மற்றொன்று மேடையின்மேல். இரண்டிலும் மின்சாரம் இருளை அகற்றும் கருவி என்ற நிலையைக் கடந்து, அணிகலன் என்ற நிலையை எய்தியது.

ஆயினும் அவ்வணிகலன் செல்வரின் உடைமையாகவே நெடுநாள் இருந்தது. மின்சாரம் எட்டிய வீடுகளோ மிகச் சில. விளக்குகளைக் கோத்துத்தரத் தேர்ந்த பணியாளரை அமர்த்த வேண்டும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1903-இல் கோத்து முடித்த விளக்குச் சரங்களை விற்கத் தொடங்கியபோதும், ஒரு சரத்தின் விலை ஏறக்குறைய 12 டாலர். ஒரு தொழிலாளியின் ஒருவாரக் கூலி அது.

1917-இல் நியூயார்க்கில் மெழுகுத்திரியால் நேர்ந்த தீவிபத்தைக் கேள்வியுற்று, ஆல்பர்ட் சடாக்கா என்ற இளைஞர், அலங்காரப் பொருள் விற்றுவந்த தம் குடும்பத்தாரை மின்சரங்கள் செய்யுமாறு தூண்டினார் என்று சொல்லப்படுகின்றது. 1920-களில் சிறு உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடி 'நோமா' என்ற பெயரில் இயங்கினர். சரங்களின் விலை நடுத்தர மக்களின் கைக்கெட்டியது. 1923-இல் கிறிஸ்து பிறப்பு விழாவின் முன்னாளில், அமெரிக்கத் தலைவர் கூலிட்ஜ் வாஷிங்டனில் 48 அடி உயர மரமொன்றில் 2,500 மின்விளக்குகளை ஏற்றிவைத்தார். இல்லத்தின் அலங்காரம் பொதுவெளியின் விழாவாக விரிந்தது.

ஒன்று அணைந்தால் அனைத்தும்

தொடரிணைப்பு முறையின் சிறப்பு அதன் எளிமை. அமெரிக்காவின் 120 வோல்ட் மின்னழுத்தத்தை எட்டு விளக்குகள் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றிற்கும் 15 வோல்ட் போதும். நம் நாட்டின் 230 வோல்ட்டிற்கு, ஆறு வோல்ட் பல்புகளாயின், ஏறக்குறைய 38 வேண்டும். மலிவான சிறு பல்புகளைக் கொண்டே பெரிய அலங்காரத்தைச் செய்துவிடலாம்.

குறையும் அந்த எளிமையிலேயே இருக்கின்றது. ஒரு பல்பின் மின்னிழை அறுந்தால் சரம் முழுவதும் இருண்டுவிடும். இருண்ட சரத்தைத் திண்ணையில் பரப்பி, பல்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, பழுதுற்றதைக் கண்டுபிடித்த பொறுமை சென்ற தலைமுறையினர் பலர்க்கும் பழக்கமானதே. பிற்காலத்துச் சிறு பல்புகளில் மின்னிழையின் அடியில் மெல்லிய மாற்றுக் கம்பி ஒன்றை அமைத்தனர். இழை அறுந்தவுடன் மின்னோட்டம் அவ்வழியே கடந்துசெல்லும். மற்றவை தொடர்ந்து எரியும். ஆனால் அணைந்த பல்பின் பங்கையும் எஞ்சியவை சுமப்பதால், பழுதுற்றதை விரைவில் மாற்றாவிடின் அவையும் வெப்பம் மிகுந்து ஒவ்வொன்றாய்க் கருகும். பக்க இணைப்பில் ஒன்றன் பழுது மற்றதைத் தாக்குவதில்லை. எனினும் ஒவ்வொரு விளக்கும் முழு மின்னழுத்தத்தையும் தாங்கவல்லதாக அமைய வேண்டும்.

நம் மண்ணில்

சென்னைத் தெருக்களில் மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கியது 1895-இல். 1930-களில் பைகாராவின் நீர்மின்சாரம் தமிழகத்தின் உட்பகுதிகளை எட்டிற்று. சிற்றூர்கள் பலவற்றிற்கு அது விடுதலைக்குப் பின்னரே வந்தது. அதுவரை நம் தேர்ப்பவனிகளுக்கு ஒளி தந்தவை தீவட்டிகளும், கூலிக்காரர் தலையில் சுமந்துவந்த பெட்ரோமாக்ஸ் விளக்குகளுமே. அந்த வெண்ணொளியில் புனிதரின் திருமுகத்தைக் கண்டு கைகூப்பியோர், அதைச் சுமந்தவரின் முகத்தைக் கண்டனரா என்பது கேட்கத்தக்க கேள்வியே.

இன்று சரங்களில் பெரும்பாலும் எரிவது எல்.இ.டி. எனப்படும் ஒளிவிடு டயோடு. 1962-இல் நிக் ஹோலன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பொளி டயோடை உருவாக்கினார். நீல ஒளிக்கு மேலும் முப்பதாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதனைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீலம் கிடைத்த பின்னரே டயோடிலிருந்து வெள்ளொளி கைகூடியது. பழைய சிறு பல்புகள் நூறு கொண்ட சரம் 40 வாட் அளவிற்கு மின்சாரம் உண்டது. இன்றைய சரத்திற்கு அதில் ஆறில் ஒரு பங்கே போதும். வெப்பமும் மிகக் குறைவு. மெழுகுத்திரி தந்த தீயச்சம் பெருமளவு நீங்கியது உண்மையே.

அச்சம் முற்றிலும் நீங்கியதா? இல்லை. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சையை அடுத்த களிமேட்டில் அப்பர் திருவிழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசியதால் 11 உயிர்கள் மடிந்தன. சிறுவரும் அவர்களுள் இருந்தனர். 2025 மார்ச் தொடக்கத்தில், குமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் ஆலயத் திருவிழாவிற்கான பணியின்போது இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு நால்வர் இறந்தனர். இவ்விரு ஊர்களிலும் உயிரைப் பறித்தவை அலங்காரச் சரங்கள் அல்ல. தலைக்குமேல் சென்ற கம்பிகளே. எனினும் விழாவிற்கென நாம் உயரத்தில் எழுப்பும் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் கைகளால் எழுப்பப்படுவது என்பதை இவை நமக்கு உணர்த்துகின்றன.

தேர்ந்தெடுக்கும் அறிவு

ஆகவே சரம் வாங்கும்போது வண்ணத்திற்கு முன் இடத்தை எண்ணுவோம். வீட்டினுள் குடிலுக்கென வாங்கியதை முற்றத்து மாமரத்தில் கட்டலாகாது. வெளியில் பயன்படுவனவற்றின் உறையில் 'ஐபி' என்ற எழுத்துகளோடு இரண்டு இலக்கங்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் இலக்கம் தூசியையும், இரண்டாவது நீரையும் தடுக்கும் திறனைக் குறிக்கும். 44 என்றால் நீர்த்தெறிப்பைத் தாங்கும். 65 என்றால் பீய்ச்சும் நீரையும் தாங்கும். மார்கழிப் பனியும் எதிர்பாரா மழையும் உள்ள நம் ஊர்களில் திறந்தவெளிக்குப் பின்னதே ஏற்றது.

குழந்தைகளின் கைக்கெட்டும் இடத்தில், அடாப்டரின் வழியாக 24 வோல்ட் போன்ற குறைந்த அழுத்தத்தில் இயங்கும் சரமே நலம். இரும்புக் கதவிலும் தகரக் கூரையிலும் கம்பியை நேரே சுற்றலாகாது. ஆணி அடித்துத் தொங்கவிடுதலும் கூடாது. ஒட்டுப்போட்ட இணைப்பைத் தரையில் கிடத்தாமல் உயர்த்திக் கட்ட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியை விழாப்பந்தலின் மின்பலகையில் பொருத்துவது வீண் செலவன்று. சென்ற ஆண்டுச் சரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் சுவரில் செருகாமல், எலி கடித்த இடமும் வெடித்த உறையும் உண்டா என நோக்குதல் வேண்டும். ஒளியின் தன்மையும் எண்ணத்தக்கது. 2,700 கெல்வின் அளவிலான மஞ்சள் கலந்த வெண்மை, மெழுகுத்திரியின் மென்மையை நினைவூட்டும்; குடிலுக்கு அதுவே பொருந்தும். இரவு முழுதும் எரியவிடாமல் உறங்குமுன் அணைப்பது நமக்கும் நலம், மரத்தில் அடையும் பறவைக்கும் நலம்.

பங்குத் திருவிழாவிற்கு விளக்கு அமைப்பவரிடம் நாம் பேரம் பேசும்போது, குறைத்த தொகை எங்கே குறைகின்றது என்றும் கேட்போமாக. பல்புகளின் எண்ணிக்கையில் குறைந்தால் கண்ணுக்குத்தான் குறை. மரஏணிக்கும் கையுறைக்கும் உதவியாளுக்கும் உரிய தொகையில் குறைந்தால் அது ஓர் உயிரின்மேல் விழும் குறை. மின்கம்பி செல்லும் தெருவில் தேர் நகரும் நேரம் மின்வாரியத்திடம் முன்னரே சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் செய்வதும் விழாக்குழுவின் கடமையே.

பெத்லகேமில் முதன்முதலாக ஒளியைக் கண்டவர்கள் இரவெல்லாம் விழித்து ஆடுகளைக் காத்துக்கிடந்த இடையர்கள். நம் கோபுரத்தின் உச்சியில் கம்பியைப் பற்றிக்கொண்டு நிற்பவரும் அவர்கள் வழிவந்தவரே. அவர் பத்திரமாகத் தரையிறங்கிய பின்னர் நாம் சுவிட்சைப் போடும்போதே அவ்விளக்குகள் உண்மையில் ஒளிர்கின்றன.