அபாயச் சரக்கும் அவசரப் பறப்பும்: ஒரு விலக்கு விதியின் வரலாறு

1973 நவம்பர் 3 அன்று நியூயார்க்கிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் புறப்பட்ட பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 707 சரக்கு விமானத்தில் நைட்ரிக் அமிலக் குப்பிகள் இருந்தன. குப்பிகள் ஆடி உடையாமலிருக்க மரப்பெட்டிக்குள் மரத்தூளை அடைத்திருந்தார்கள். கண்ணாடிச் சாமான் அனுப்புகிறவர்கள் இயல்பாகச் செய்வதுதான். ஆனால் நைட்ரிக் அமிலம் கசிந்து மரத்தூளில் ஊறினால், நெருப்பு வைக்காமலேயே சூடேறிப் புகையும். நடுவானில் புகை சூழ்ந்தது. பாஸ்டனில் இறங்க முயன்ற விமானம் ஓடுபாதையைத் தொடும் முன்பே விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த மூவரும் மாண்டனர்.

விசாரணையாளர்கள் சுட்டிக்காட்டிய குறை நம் கவனத்துக்குரியது. அபாயச் சரக்குக்கான விதிகள் அப்போதே இருந்தன. ஆனால் பெட்டி கட்டுகிறவருக்கும் ஏற்றுகிறவருக்கும் விளங்காத சிக்கலோடு, பல துறைகளின் அதிகாரத்துக்குள் அவை சிதறிக் கிடந்தன.

இவ்விதிகளின் வரலாற்றை, விபத்துக்கு விபத்து இறுகிக்கொண்டே வந்த கட்டுப்பாடுகளின் கதையாகச் சொல்வது வழக்கம். அதற்குள் அதிகம் பேசப்படாத ஓர் இழை உண்டு. அதுதான் அவசரகால விலக்கு. உயிர் காக்கப் பறக்கும்போது விதி வளையலாமா என்ற கேள்விக்கு, இந்த இழையைத் தொடர்ந்து சென்றால்தான் விடை கிடைக்கும்.

சிவில் விமானப் போக்குவரத்துக்கான 1944 சிகாகோ உடன்படிக்கையின் 35ஆம் பிரிவு போர்த் தளவாடங்களைப் பற்றியே முதன்மையாகக் கவலைப்பட்டது. அமிலமும் பெட்ரோலும் அழுத்த வாயுவும் பின்னரே கவனத்துக்கு வந்தன. பன்னாட்டு விமான நிறுவனங்களின் சங்கம் 1956இல் தன் விதித்தொகுப்பை வெளியிட்டது. அரசுகளைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டுத் தரமான, சிகாகோ உடன்படிக்கையின் ‘இணைப்பு 18’, 1981இல் ஏற்கப்பட்டு 1984 முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்த இணைப்பின் இரண்டாம் அத்தியாயத்தில்தான் விலக்கு பிறக்கிறது. மிகுந்த அவசரம், வேறு போக்குவரத்து ஒத்துவராத நிலை, முழு இணக்கம் பொதுநலனுக்கே எதிராகும் நிலை ஆகியவற்றில் அரசுகள் விலக்களிக்கலாம். கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு: விதி தந்திருக்கக்கூடிய பாதுகாப்புக்கு நிகரான பாதுகாப்பை எட்ட எல்லா முயற்சியும் எடுத்திருக்க வேண்டும். இந்த நிபந்தனைதான் விலக்கின் உயிர்நாடி. பாதுகாப்பின் அளவு குறைவதில்லை. அதை எட்டும் வழியும் அதற்குப் பொறுப்பேற்பவரும் மட்டுமே மாறலாம். இந்தியாவில் 2003ஆம் ஆண்டின் அபாயகரப் பொருள்கள் விமானப் போக்குவரத்து விதிகளும் இதே ஏற்பாட்டைக் கொண்டிருந்தன.

அமெரிக்காவில் காட்டுத்தீயை அணைக்கும் அணிகளிடம் இது நடைமுறையாவதைக் காணலாம். ஹெலிகாப்டரில் ஏறும் வீரர்களோடு செயின்சாவும் அதற்கான பெட்ரோல் கேனும் போயாக வேண்டும். இதற்கென்றே அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் 9198 எண் கொண்ட சிறப்பு அனுமதி இருக்கிறது. என்ன ஏறுகிறது என்பதை விமானியிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். கையாளுகிறவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். பாஸ்டனில் விழுந்த விமானத்துக்குப் பெட்டி கட்டியவருக்கு எட்டாத அறிவை இங்கே தீயணைப்பாளரின் கையிலேயே சேர்க்க முயன்றிருக்கிறார்கள்.

2021 ஏப்ரலில், கொரோனா பெருந்தொற்றின்போது, நம் மருத்துவமனைகள் ஆக்சிஜனுக்குத் தவித்தபோது, நிறைந்த டேங்கர்களை விமானத்தில் கொண்டுவந்தால் என்ன என்று கேட்கத் தோன்றியது. அந்தக் கேள்வியின் தவிப்பு நியாயமானது. ஆனால் திரவ ஆக்சிஜனின் கொதிநிலை மைனஸ் 183 டிகிரி. வெப்பம் சிறிது உள்ளே புகுந்தாலும் அது ஆவியாகும். ஆவியானால் சுமார் 860 மடங்கு விரியும். தொட்டி வெடிக்காமலிருக்க வால்வு அதை வெளியே விட்டே ஆக வேண்டும். மூடிய விமான வயிற்றுக்குள் ஆக்சிஜன் செறிந்தால், எண்ணெய்ப் பிசுக்கும் துணியும்கூட ஒரு பொறியில் மூர்க்கமாக எரியும். அதனாலேயே சிவில் விதிகள் அதைப் பயணிகள் விமானத்தில் மட்டுமின்றிச் சரக்கு விமானத்திலும் தடுக்கின்றன.

சிகாகோ உடன்படிக்கை ராணுவ விமானங்களுக்குப் பொருந்தாது. ஆகவே இந்திய விமானப்படையை அது தடுக்கவில்லை. இருந்தும் விமானப்படையின் சி-17 விமானங்கள் டேங்கர்களைக் காலியாகவே சுமந்து மேற்கு வங்கத்தின் பானாகர் போன்ற தளங்களுக்குப் பறந்தன. காலி வண்டி ஆக்சிஜன் நிரப்பச் சாலையில் திரும்பிச் செல்லும் நாள்கள் அப்படி மிச்சமாயின. ஆக்சிஜன் நிறைந்த டேங்கர்கள் தட்டையான ரயில் வேகன்களில் ஏறி, திறந்த வெளியில் வால்வு மூச்சுவிட, மருத்துவமனைகளை நோக்கி வந்தன.