பழைய காரின் பெட்ரோல் வாடை: ஒரு நெடியின் வரலாறு

பழைய காரின் கதவைத் திறந்ததும் குப்பென்று பெட்ரோல் வாடை அடிக்கிறது. எங்கிருந்து வருகிறது? ஓஸைப் பார், டேங்க் மூடியைப் பார், கார்புரேட்டரைப் பார் என்பார் மெக்கானிக். சரிதான். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அது எந்த வருடத்துக் கார்? அமெரிக்கக் கார் என்றால், 1971 மாடலுக்கு முந்தியதா, பிந்தியதா? முந்தியது என்றால் லேசான பெட்ரோல் வாடை பழுதே அல்ல. அந்தக் கார்களைக் கட்டியதே அப்படித்தான்!

அது எப்படி என்கிறீர்களா? பெட்ரோல் சட்டென்று ஆவியாகும் பொருள். வெயில் ஏறினால் டேங்குக்குள் ஆவி பெருகும். அதற்கு ஒரு போக்கிடம் வேண்டும். அன்றைய கார்களில் டேங்க் மூடியிலோ தனிக் குழாயிலோ ஒரு துவாரம் வைத்து ஆவியை வெளியே விட்டார்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணத்துக்கும் அதே கதைதான். ஓடி வந்த காரை நிறுத்தியதும் இன்ஜின் சூடு மேலேறும், கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து ஆவியாகும், ஆவி வெளியேறும். காற்றில்தானே போகிறது, போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

காற்றில் போனது எங்கே போனது? இதற்குப் பதில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கிடைத்தது.

1943 ஜூலை 26. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். நகரத்தை ஒரு புகைமூட்டம் சூழ்ந்தது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. ஜப்பான்காரன் விஷவாயு வீசிவிட்டான் என்றுகூடச் சிலர் பயந்தார்கள். பிறகு, செயற்கை ரப்பருக்காக பியூட்டாடையீன் தயாரித்த ஓர் ஆலைமேல் பழி விழுந்தது. ஆலையைக் கொஞ்ச நாள் மூடியும் பார்த்தார்கள். புகைமூட்டம் மட்டும் போகவில்லை.

புதிரை அவிழ்த்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட். ஹாலந்தில் பிறந்து கால்டெக்கில் வேலை பார்த்த வேதியியல் அறிஞர். அன்னாசிப் பழத்தின் மணம் எந்தெந்தப் பொருள்களால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். மணத்தைக் கடும் குளிரில் உறையவைத்துப் பிடிப்பது அவருக்குக் கைவந்த கலை. அதே முறையில் நகரத்துக் காற்றைப் பிடித்துப் பார்த்தார். கிடைத்தது நெடியடிக்கும் பழுப்பு நிறத் திரவம். சைலன்சர் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும், எரியாத பெட்ரோல் ஆவியும் வெயிலில் சேர்ந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று அவர் கண்டுபிடித்தார். 1952-ல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார். மேல் வானத்தில் நம்மைக் காக்கும் அதே ஓசோன், தரையில் மூச்சுக்குழலை அரிக்கும் நஞ்சு.

ஓசோனை அளக்க அவர் பயன்படுத்திய வழி ரொம்ப எளிமையானது. வளைத்துக் கட்டிய ரப்பர் துண்டு ஒன்றைக் காற்றில் வைத்தால் போதும். ஓசோன் பட்டால் ரப்பர் வெடிப்பு விடும். எவ்வளவு சீக்கிரம் வெடிக்கிறதோ அவ்வளவு ஓசோன்!

கண்டுபிடித்தாகிவிட்டது, உடனே சரிசெய்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? எண்ணெய் நிறுவனங்களின் பணத்தில் ஆய்வு செய்தவர்கள் அவர் முடிவை ஏற்கவில்லை. 1953-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட நிர்வாகக் குழுவில் இருந்த கென்னத் ஹான், ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். கார் புகை காற்றில் சீக்கிரம் கலந்து மறைந்துவிடும், அதனால் பிரச்சினை இல்லை என்ற பொருளில் பதில் வந்தது. 1969 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை பெரிய கார் நிறுவனங்கள்மீதும் அவற்றின் சங்கத்தின்மீதும் வழக்குப் போட்டது. மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் வருவதைத் தாமதப்படுத்தக் கூட்டுச் சேர்ந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதே ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது.

கட்டுப்பாடே இல்லாத காரில் வெளியேறும் ஹைட்ரோகார்பனில் சுமார் 60 சதவீதம் சைலன்சர் வழியே போகும். 20 சதவீதம் இன்ஜினின் அடிப்பாகத்திலிருந்து கசியும். மீதி 20 சதவீதம் டேங்கிலும் கார்புரேட்டரிலும் சும்மா ஆவியாகிப் போவது. முதலில் இன்ஜின் கசிவை அடைத்தார்கள் (கலிஃபோர்னியாவில் 1961 மாடல், நாடு முழுதும் 1963). கலிஃபோர்னியாவில் 1966 மாடல் முதல் சைலன்சர் புகைக்குக் கட்டுப்பாடு. நம் பெட்ரோல் வாடையின் முறை கடைசியாகத்தான் வந்தது: கலிஃபோர்னியாவில் 1970 மாடல், நாடு முழுதும் 1971.

தீர்வு என்ன தெரியுமா? ஒரு டப்பா கரி! டேங்க் ஆவியைக் குழாய் வழியாக இந்தக் கரிக்குள் விடுவார்கள். கரி அதை ஈர்த்து வைத்துக்கொள்ளும். இன்ஜின் ஓடும்போது அதன் உறிஞ்சு விசை ஆவியை உள்ளே இழுத்து எரித்துவிடும். முதல் உலகப்போரின் விஷவாயு முகமூடிகளில் இருந்ததும் இதே வகைக் கரிதான். விஷவாயு என்று பயந்த நகரத்துக்கு முகமூடிக் கரியே மருந்தாக வந்தது.

சோதனை முறையிலும் ஒரு வேடிக்கை. முதலில், ஆவி வரும் என்று தெரிந்த இடங்களில் மட்டும் கரிப்பொறி வைத்து அளந்தார்கள். 1972-ல் வரம்பு ஒரு சோதனைக்கு 2 கிராம். 1978-ல் முழுக் காரையும் காற்றுப் புகாத அறையில் நிறுத்தி அளக்கும் முறை வந்தது. வரம்பு 6 கிராம். சட்டம் தளர்ந்துவிட்டதா? இல்லை, இறுகியது! யாரும் பொறி வைக்காத மூலைகளிலிருந்து கசிந்த ஆவியும் இப்போது கணக்கில் வந்தது. 1981-ல் இந்த முறையிலேயே 2 கிராம் என்று ஆனது.

இனி நம் பழைய காருக்கு வருவோம். கரி டப்பாவுக்கு முந்தைய கார் என்றால், நிறுத்திய பிறகு சிறிது நேரம் வரும் லேசான வாடை அதன் இயல்பு. பிந்தைய கார் என்றால், எந்த வாடையும் ஓர் அறிகுறிதான். டேங்க் மூடியின் ரப்பர் காய்ந்திருக்கலாம். கரி டப்பாவுக்குப் போகும் குழாய் கழன்றிருக்கலாம். டேங்கைத் தளும்பத் தளும்ப நிரப்பி, கரியைப் பெட்ரோலில் ஊறவைத்திருக்கலாம். ஈரமோ சொட்டோ கண்ணில் பட்டால் வருடமெல்லாம் பார்க்கவேண்டாம், வண்டியை எடுக்கவே கூடாது. ஆவி 1.4 சதவீதம் காற்றில் கலந்தாலே பற்றிக்கொள்ளும். பெட்ரோலில் இருக்கும் பென்சீன் புற்றுநோய் தருவது. இன்னொன்று, மூக்கு சீக்கிரம் பழகிவிடும். வாடை போய்விட்டது என்று நினைப்போம், அது அங்கேயே இருக்கும்.

ஓஸைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய ரப்பரில் வளைந்த இடத்தில் மெல்லிய வெடிப்புகள் தெரியும். அதில் ஓசோனுக்கும் பங்கு உண்டு, ஹாகன்-ஸ்மிட்டின் ரப்பர் துண்டில் நடந்த அதே வேலை. கார் விட்ட ஆவி ஓசோனாகிறது, ஓசோன் ஓஸை வெடிக்க வைக்கிறது, வெடித்த ஓஸ் மீண்டும் ஆவியை விடுகிறது. காற்றோடு போனது எதுவும் போய்விடவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா, நண்பர்களே?