சாலிட்டான்

நேரியலற்ற ஊடகத்தில் உருவமும் வேகமும் மாறாமல் பிரயாணம் செய்வதோடு, தன் இனத்து அலையோடு மோதிய பின்னும் தன் ஸ்வரூபத்தை மீண்டும் எய்தும் தனியலைக்குச் சாலிட்டான் என்று பெயர். அலையைப் பரவிக் கலையச் செய்யும் இயல்பும், அதன் முகப்பைச் செங்குத்தாக்கும் நேரியலற்ற இயல்பும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் நிலையில் இது பிறக்கிறது.

சரித்திரம்: 1834 ஆகஸ்டு மாதத்தில், எடின்பரோவுக்கு அருகிலுள்ள யூனியன் கால்வாயில் குதிரைகள் இழுத்துவந்த படகு திடீரென்று நிற்கவே, அதன் முன்புறத்தில் திரண்டு, சுமார் 30 அடி நீளமும் 1 முதல் 1½ அடி வரை உயரமும் உடையதாய், மணிக்கு 8, 9 மைல் வேகத்தில் ஓடிய நீர்மேட்டை ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற பொறியியல் அறிஞர் குதிரைமீது தொடர்ந்து சென்று கண்டார். ஏரி, ஸ்டோக்ஸ் ஆகிய கணித மேதைகள் முதலில் இதை ஐயுற்றனராயினும், பூஸினெஸ்க் 1871-இலும் ராலே 1876-இலும் இதற்குக் கணித ஆதாரம் காட்டினர். 1895-இல் கோர்ட்டவெக்கும் டி விரீஸும் வகுத்த சமன்பாடு இதற்கு நிலையான இடம் அளித்தது.

மோதல்: நேரியலற்ற விற்களால் பிணைத்த துகள்வரிசையில் சக்தி எங்கும் சமமாகப் பரவாமல் ஏறக்குறையத் தொடக்க நிலைக்கே திரும்பியதாக, லாஸ் அலமோஸ் கணிப்பொறியைக் கொண்டு ஃபெர்மி, பாஸ்தா, உலாம் ஆகியோர் கண்டு 1955-இல் வெளியிட்ட புதிருக்கு விளக்கம் தேடிய ஸபுஸ்கியும் குருஸ்கலும், கோர்ட்டவெக்-டி விரீஸ் சமன்பாட்டை ஆராய்கையில், உயர்ந்த அலை தாழ்ந்ததை எட்டிப் பிடித்து, கலந்து, மீண்டும் பிரியும்போது இரண்டும் பழைய உருவத்தோடே வெளிவருவதை 1965-இல் கண்டனர். உயர்ந்தது தன் பாதையில் சற்று முன்னும் தாழ்ந்தது சற்றுப் பின்னும் தள்ளப்பட்டிருப்பதே மோதலின் ஒரே அடையாளம். துகளை ஒத்த இக்குணத்தைக் கருதியே அவர்கள் சாலிட்டான் என்ற பெயரைச் சூட்டினர். 1967-இல் கார்ட்னர், கிரீன், குருஸ்கல், மியூரா ஆகியோர் அச்சமன்பாட்டை முற்றாகத் தீர்க்கும் மார்க்கத்தையே கண்டறிந்தனர்.

புலக் கொள்கை: சைன்-கோர்டன் புலத்தில் 'கிங்க்' எனப்படும் அலைகளும் சேதமின்றி மோதிப் பிரிவதைப் பெர்ரிங்கும் ஸ்கிர்மும் 1962-இலேயே காட்டியிருந்தனர். முற்றாகத் தீர்க்கவியலாத ஃபை-நான்கு புலத்திலோ நிலைமை வேறு: கிங்கும் எதிர்க்கிங்கும் ஒளிவேகத்தில் சுமார் 0.26 பங்கிற்குக் குறைவான வேகத்தில் மோதினால், பெரும்பாலும் ஒன்றையொன்று சிறைப்பிடித்து அதிர்ந்து தேய்கின்றன. ஆயினும் குறிப்பிட்ட சில வேகங்களில், முதல் மோதலில் உள்ளதிர்வாக ஒடுங்கிய சக்தி இரண்டாம் மோதலில் இயக்கமாக மீள, அவை தப்பிச் செல்லும் விந்தையை 1983-இல் காம்பெல், ஷோன்ஃபெல்ட், விங்கேட் ஆகியோர் விளக்கினர்.

ஒளியிழைகளிலும் சாலிட்டான் உருவாகும் என்று ஹசெகவாவும் டாப்பர்ட்டும் 1973-இல் முன்னுரைத்தது 1980-இல் பரிசோதனையால் மெய்ப்பட்டது. இரு கூறுகள் இணைந்த ஒளிச் சாலிட்டான்கள் மோதும்போது, முற்றாகத் தீர்க்கத்தக்க சமன்பாட்டிலும்கூட, அக்கூறுகளிடையே சக்தி பங்கு மாறலாம் என்பதை, திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இராதாகிருஷ்ணனும் இலட்சுமணனும் ஹியட்டரிண்டாவுடன் இணைந்து 1997-இல் நிறுவினர். தனித்துச் செல்லும் அலை தன் உருவத்தை மட்டுமே காட்டும். அதை ஆளும் விதியின் உள்ளியல்பு மோதலிலேதான் வெளிப்படுகிறது.