குரோமியம் பற்றிய தோலும் பிளாட்டினம் பற்றிய மரபணுவும்

சென்னையின் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது ஒரு தோல் தொழிற்சாலை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜி.ஏ. சேம்பர்ஸ் அங்கே நடத்திய குரோம் லெதர் கம்பெனி அது. ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவேண்டிய தோலைக் குரோமிய உப்பு ஓரிரு நாளில் பதனிட்டுவிடும். கொலாஜன் இழைகளின் கார்பாக்சில் தொகுதிகளைக் குரோமிய அயனி பற்றிக்கொண்டு இழையோடு இழையைப் பிணைக்கிறது. 60 டிகிரிச் சூட்டிலேயே சுருங்கும் பச்சைத்தோல், அதன்பின் கொதிநீரையும் தாங்கும். பல்லாவரத்திலும் மாதவரத்திலும் இருந்த தோல் பதனிடும் ஷாப்புகளில் அன்றாடம் நடந்தது, உலோக அயனியோடு மூலக்கூறுகள் பிணையும் இந்த அணைவு வேதியியல்தான்.

இந்தத் தொழிலுக்காக 1948-இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1954-இல் அதே அடையாறில், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். மூன்றே ஆண்டில் அங்கே கோபால்ட்-60 கருவி வந்தது. அப்போது உலோகம் வெளியே நின்று கதிர் வீசியது. நோயாளியின் ரத்தத்தில் மருந்தாகக் கலக்கவில்லை.

உலோகம் புற்றுநோய் மருந்தாவதற்கு வழி திறந்தது 1965-இல். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க், பாக்டீரியா வளர்ந்த கரைசலில் பிளாட்டினம் மின்முனைகளை வைத்து மின்சாரம் பாய்ச்சினார். பாக்டீரியாக்கள் பிளவுபடாமல் இயல்பைவிட 300 மடங்கு வரை நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரம் அல்ல; முனையிலிருந்து கரைந்து உருவான பிளாட்டினச் சேர்மங்கள். அவற்றைச் சார்ந்த சிஸ்பிளாட்டின், 1840-களிலேயே இத்தாலியர் மிக்கேலே பெய்ரோனே தயாரித்த பழைய உப்பு! 1978-இல் அது அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. உடலெங்கும் பரவிய விரைப் புற்றுநோயும் குணமாகும் என்ற நிலை அதனால்தான் வந்தது.

அதன் வடிவமைப்பு வியக்கவைப்பது. பிளாட்டினத்தின் ஒரே பக்கத்தில் இரண்டு குளோரைடுகள். ரத்தத்தில் குளோரைடு மிகுதி என்பதால் அவை பெரும்பாலும் கழலுவதில்லை. குளோரைடு குறைந்த செல்லுக்குள் போனதும் அவை விலக, நீர் மூலக்கூறு அமர்கிறது. பிறகு பிளாட்டினம் டிஎன்ஏவின் குவானினைப் பற்றுகிறது. அதே அணுக்கள் எதிரெதிராக அமைந்த டிரான்ஸ்பிளாட்டினால் இந்த மருத்துவப் பயன் இல்லை. ஆனால் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கும், கடும் வாந்தி தரும். உலோகத்தோடு பிணைந்து நிற்கும் அயனி அல்லது மூலக்கூறுக்கு ஈனி என்று பெயர். குளோரைடுகளின் இடத்தில் மெதுவாகக் கழலும் வேறு ஈனியை வைத்தபோது கிடைத்த கார்போபிளாட்டின் சிறுநீரகத்துக்கு இதமானது.

ஸ்கேன் அறையிலும் ஈனிதான் வழிகாட்டி. கதிரியக்க உலோகமான டெக்னீசியம்-99எம், எம்டிபி என்ற ஈனியோடு சேர்ந்தால் எலும்புக்குப் போகும், டிடிபிஏ என்ற ஈனியோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு.

உலோகம் செல்லுக்குள் என்ன செய்கிறது என்ற கேள்வியில் தமிழ்நாட்டு ஆய்வகங்களும் இறங்கின. தோல் ஆராய்ச்சி நிலையத்தில் பாலச்சந்திரன் உன்னி நாயரின் குழு, குரோமியம் டிஎன்ஏவையும் புரதத்தையும் எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்ந்தது. தோலுக்கு உதவிய உலோகத்தை உயிர்ச் செல்லின் பக்கமிருந்து பார்த்த முக்கியமான பணி அது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் எம். பழனியாண்டவர், விலங்கியல் அறிஞர் எம்.ஏ. அக்பர்ஷாவோடு சேர்ந்து செப்புச் சேர்மங்களை மனிதப் புற்றுநோய்ச் செல்களில் சோதித்தார். பினாந்த்ரோலின் ஈனியில் மீத்தைல் தொகுதிகளைச் சேர்த்தபோது செல்லைக் கொல்லும் திறன் கூடியது.

கண்ணாடித் தட்டில் கிடைத்த அந்த வெற்றியை உடலுக்குள் கொண்டுபோவதுதான் கடினம். ரத்தத்திலுள்ள ஆல்புமின் செப்பை ஆவலோடு பறித்துக்கொள்ளும். கட்டியை அடையும்வரை செப்பை விடாமல் பிடித்திருந்து, அங்கே போனதும் விட்டுவிடும் ஈனி தேவைப்படுகிறது.